கத்தியின்றித் தோலை இறுக்குதல்

நரை, திரை, மூப்பு என்னும் மூன்றனையும் ஒருசேர எண்ணுதல் நம் முன்னோர் வழக்கு. மயிர் வெளுத்தல் நரை. தோல் சுருங்கித் தளர்தல் திரை. இவ்விரண்டும் மூப்பின் முன்னறிவிப்புக்களாம். இவற்றை வெறுத்தோரும் உளர், விரும்பினோரும் உளர். யயாதி வேந்தன் தன் முதுமையை மகன் பூருவுக்கு ஈந்து, அவன் இளமையைத் தான் பெற்றுக்கொண்டான் என்பது பாரதக் கதை. ஔவையாரோ இளமையும் எழிலும் தமக்கு வேண்டாவென விநாயகரை இரந்து, இளம்பருவத்திலேயே முதுமை எய்தினார் என்பது நம் நாட்டிற் செவிவழியாக வழங்கும் வரலாறு. ஔவையாரின் வழிச் செல்வார் இக்காலத்து மிகச் சிலரே. யயாதியின் வழிச் செல்ல விரும்புவாரோ பலர். அன்னோரை நோக்கி, கத்தியில்லை, தையலில்லை, மருத்துவமனையிற் படுத்திருத்தலில்லை, ஒரு மணி நேரத்தில் தளர்ந்த தோல் இறுகிவிடும் என்று செய்தித்தாள்களும், தெருப்பலகைகளும், கைப்பேசித் திரைகளும் நாடோறும் கூறிக்கொண்டேயிருக்கின்றன.

இவ்வறிவிப்புக்கள் முழுப் பொய்யுமல்ல, முழு மெய்யுமல்ல. இவற்றை நம்பிப் பொருள் செலவிடுவோர் முதியோர் மட்டுமல்லர். திருமணத்தை எதிர்நோக்கும் இளைஞரும், கல்லூரியில் இன்னும் பயின்றுகொண்டிருப்போரும் மாதத் தவணைக்குக் கடன்பட்டும் இச்சிகிச்சையை நாடுகின்றனர். ஆதலின், அறுவையின்றித் தோலை இறுக்கும் முறைகள் எவை, அவை எங்ஙனம் தொழிற்படுகின்றன, அவற்றால் எய்தற்பாலது எவ்வளவு, அஞ்சற்பாலது யாது என்பனவற்றை நம் கலாசாலை மாணவரும், ஆசிரியரும், பழைய மாணவரும் அறிந்துகொள்ளுதல் நலம் என யாம் கருதுகின்றோம்.

முதற்கண் நினைவிற் கொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. இக்கருவிகளுள் எதுவும் தோலை இழுத்துக் கட்டுவதன்று. ஒவ்வொன்றும் தோலினுள்ளே அளவறிந்து ஒரு சிறு காயத்தை உண்டாக்குகின்றது. அக்காயத்தை ஆற்றப் புகும் நம் உடம்பே தோலை இறுக்குகின்றது. கருவி செய்வது தூண்டுதல். செயலைச் செய்வது உடம்பு. பயன் மெதுவாக வருவதும், ஆளுக்கு ஆள் வேறுபடுவதும், சிறிதாகவே அமைவதும், சிற்சில வேளைகளில் தீங்காக முடிவதும் இவ்வொன்றனால் விளங்கும்.

தோலின் அமைப்பு

தோல் பார்வைக்கு ஒரே படலமாகத் தோன்றினும் அடுக்குக்களையுடையது. மேலுள்ளது தாள்போல் மெல்லிய மேற்றோல். நமக்கு நிறத்தைத் தரும் மெலனின் என்னும் பொருள் பெரும்பாலும் இதன்கண் தங்குகின்றது. இதன் கீழ் அமைந்தது உட்டோல். தோலின் உறுதிக்கும் வலிமைக்கும் காரணம் இவ்வடுக்கே. இதற்கும் கீழே கொழுப்புப் படலமும், முகத்தில் அதற்கும் அடியில் தசைகளைப் போர்த்து நிற்கும் நார்ப்படலமும் உள்ளன.

உட்டோலின் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரதநாராலாயது. நீரை நீக்கி நிறுப்பின், உட்டோலின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இந்நாரேயாம். எலாஸ்டின் என்னும் மற்றொரு நார் சிறு அளவினதாயினும், இழுத்து விட்ட தோல் மீண்டும் தன் நிலையை அடைவது அதனாலேயே.

கொல்லாஜனின் உள்ளமைப்பைக் கண்டறிந்த பெருமையில் நம் நாட்டிற்குச் சிறந்த பங்குண்டு. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியிற் பௌதிகம் பயின்று 1942-ம் ஆண்டிற் பட்டம் பெற்ற ஜி. என். இராமச்சந்திரன் அவர்கள், சென்னைப் பல்கலைக் கழகத்திற் பேராசிரியராக இருந்தபோது, கோபிநாத் கர்த்தா என்பாருடன் சேர்ந்து இதனை ஆராய்ந்தார். அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெற்ற கங்காருவின் வால்நாண் அவ்வாராய்ச்சிக்குப் பயன்பட்டது. மூன்று இழைகள் ஒன்றனையொன்று தழுவி முறுக்கிக்கொண்ட கயிறு போன்றதே கொல்லாஜன் என்று அவ்விருவரும் 1954-ம் ஆண்டிலும், மேலும் திருத்தமாக 1955-ம் ஆண்டிலும் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டனர். நாம் இங்கே விரித்துரைக்கும் சிகிச்சைகள் யாவும் அம்மூவிழைக் கயிற்றைச் சுற்றியே நிகழ்கின்றன. மிஷன் கலாசாலையொன்றில் உருவான ஓர் அறிஞரின் பெயர் இவ்விஷயத்தின் அடிப்படையிலேயே நிற்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவதாகும்.

தளர்ச்சியின் காரணங்கள்

இளமை கழிந்தபின் உட்டோலில் கொல்லாஜன் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகின்றது. பெண்மக்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னர் முதற் சில ஆண்டுகளில் இக்குறைவு விரைந்து நிகழ்கின்றது. இஃது இயற்கை.

இயற்கையோடு சேர்ந்து நம் தோலைக் கெடுப்பது வெயில். கதிரவன் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் உட்டோலிற் புகுந்து கொல்லாஜனை அரிக்கும் நொதிகளை எழுப்புகின்றன. அக்கதிர்களுள் ஒரு வகை சன்னற் கண்ணாடியையும் ஊடுருவ வல்லது. இதற்கு ஒரு சான்று 2012-ம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. ஐக்கிய அமெரிக்க நாட்டில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதினர் ஒருவரின் படம் அது. அந்நாட்டு வண்டிகளில் ஓட்டுவோர் இடப்புறம் அமர்பவராதலின், சன்னலை அடுத்திருந்த இடக் கன்னம் மட்டும் தடித்து, ஆழ்ந்து திரைத்துத் தொங்க, வலக் கன்னமோ பல ஆண்டு இளையார் ஒருவருடையது போல் இருந்தது. ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே உணவு. வேறுபட்டது வெயில் ஒன்றே. புகை பிடித்தலும் இங்ஙனமே தோலைக் கெடுப்பதாகும்.

இன்னுமொன்று உண்டு. முகம் தளர்வதற்குத் தோல் மட்டுமே காரணமன்று. ஆண்டு ஏற ஏற முகவெலும்புகள் தேய்கின்றன. கன்னத்துக் கொழுப்புச் சிற்சில இடங்களில் வற்றியும், சிற்சில இடங்களிற் கீழிறங்கியும் போகின்றது. கூடாரத்தின் கால்கள் குறுகியபின் துணியை மட்டும் இறுக்கிப் பயன் என்னை? தோலை மட்டும் நாடும் சிகிச்சைகளுக்கு ஓர் எல்லை உண்டென்பதை இதனால் அறிக.

வெப்பமும் கொல்லாஜனும்

ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலை நேரிற் கண்டார் ஒன்றனை அறிவர். பதனிடாத ஈரத்தோலை ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் இட்டால் அது சட்டெனச் சுருங்கித் தடிக்கும். அடுப்பிலேற்றிய இறைச்சித் துண்டு சிறுத்துப் போவதும், ஆட்டுக்கால் சாறு ஆறியபின் கூழாக உறைவதும் இதனோடு தொடர்புடையனவே. வெப்பம் மிகும்போது மூவிழைக் கயிற்றின் முறுக்கைத் தாங்கும் பிணைப்புக்கள் அறுகின்றன. முறுக்கவிழ்ந்த நார் நீளங்குறைந்து பருமன் கூடுகின்றது.

உயிருள்ள தோலில் இவ்வெப்பத்தை அளவுடன் செலுத்தினால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, சில நார்கள் அப்பொழுதே சுருங்குதல். இது சிறிதளவே நிகழும். இரண்டாவது, சூடுபட்ட இடத்தைக் காயமெனக் கருதி உடம்பு செய்யும் பழுதுபார்ப்பு. முதலில் அழற்சி தோன்றுகின்றது. பின்னர் நாரை உண்டாக்கும் உயிரணுக்கள் அவ்விடத்தே கூடிப் புதிய கொல்லாஜனைச் சுரக்கின்றன. அதன்பின் பல மாதங்கள் பழைய நாரும் புதிய நாரும் ஒழுங்குபட்டு அமைகின்றன. உண்மையான பயன் இவ்விரண்டாவது விளைவினாலேயே வருவது. அதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் வேண்டும்.

சிகிச்சை முடிந்த அன்று மாலையே கண்ணாடியைப் பார்த்து முகம் இறுகிவிட்டதென மகிழ்வாரும் உளர். அன்று அவர் காண்பதிற் பெரும்பகுதி வீக்கமே. வீக்கம் வடிந்தபின் முகம் முன்போலாகும். அதனைக் கண்டு ஏமாந்தோம் என வருந்துதலும் வேண்டா. வீக்கத்தைப் பயனென மயங்குதலும் வேண்டா.

ரேடியோ அலை

இம்முறைகளுள் ஒன்று ரேடியோ அலை மின்சாரத்தைத் தோலிற் செலுத்துவது. மின்னோட்டத்தைத் திசுக்கள் தடுக்குமிடத்தில் வெப்பம் பிறக்கின்றது. தெர்மேஜ் என்னும் கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002-ம் ஆண்டிற் கண்ணைச் சுற்றிய சுருக்கங்களுக்கும், 2004-ம் ஆண்டில் முகம் முழுமைக்கும் இசைவளித்தது. சிகிச்சை பெறுவாரின் உடம்பில் ஒரு தகட்டை ஒட்டி, கைப்பிடிக் கருவியின் முனையை முகத்தில் வைத்து, இடமிடமாக அலையைச் செலுத்துவர். அதே நேரத்தில் முனையிலிருந்து குளிர்ச்சி பாய்ந்து மேற்றோலைக் காக்கின்றது. மேலே குளிர்ச்சி, உள்ளே வெப்பம் என்பதே இதன் சூட்சுமம்.

தொடக்கத்தில் மருத்துவர்கள் மிக்க ஆற்றலை ஒரே முறையிற் செலுத்தினர். வலி மிகுந்ததோடு, சிலர்க்குக் கொப்புளங்களும், கொழுப்புக் கரைந்து கன்னத்திற் குழிகளும் உண்டாயின. பின்னர்க் குறைந்த ஆற்றலைப் பன்முறை செலுத்துதலே நன்மை மிக்கதும் தீமை குறைந்ததும் ஆகும் எனக் கண்டு, சிகிச்சை பெறுவாரின் வலியுணர்வையே அளவுகோலாகக் கொண்டு நடத்தலாயினர்.

இதன் பயன் எவ்வளவு? 2003-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் 86 பேர்க்குக் கண்ணைச் சுற்றி இச்சிகிச்சை செய்து ஆறு மாதம் கழித்து ஆய்ந்தனர். படங்களை மட்டுங்கொண்டு மதிப்பிட்ட வல்லுநர், நூற்றுக்கு 83 பங்கு இடங்களிற் சுருக்கம் ஒரு படியேனும் குறைந்ததெனக் கண்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ 61 புருவங்கள் அரை மில்லிமீட்டரேனும் உயர்ந்திருந்தன. ஆயின், சிகிச்சை பெற்றோருள் திருப்தியடைந்தோம் என்றவர் பாதிப்பேரே. வல்லுநரின் அளவுகோல் ஒன்று. கண்ணாடி முன் நிற்பாரின் எதிர்பார்ப்பு வேறொன்று. அரை மில்லிமீட்டர் உயர்வு கருவியால் அளக்கற்பாலது. கல்யாண வீட்டில் உறவினர் கண்ணுக்குப் புலப்படுவது அரிது.

இதனினும் மென்மையான ரேடியோ அலைக் கருவிகள் பலவுண்டு. அவற்றில் வலி குறைவு. ஒருமுறை செய்வதன் பயனும் குறைவு. சில வார இடைவெளியிட்டுப் பன்முறை செய்தல் வேண்டும்.

மீயொலி

கருவிலுள்ள குழந்தையைக் காட்டும் ஸ்கேன் பரிசோதனையில் செவிக்குக் கேளாத ஒலியலைகள் பயன்படுதலை யாவரும் அறிவர். அவ்வகை அலைகளையே பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பது போல் ஒரு புள்ளியிற் குவித்தால் அப்புள்ளி மட்டும் 60 டிகிரிக்கு மேற் சூடேறும். இடைப்பட்ட தோல் ஊறுபடாது. இவ்வகைக் கருவியாகிய அல்தெராவுக்கு 2009-ம் ஆண்டிற் புருவம் உயர்த்துவதற்கும், 2012-ம் ஆண்டிற் கழுத்திற்கும் தாடையின் அடிப்பகுதிக்கும் அமெரிக்க நிர்வாகம் இசைவளித்தது. 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழங்களில் நுண்ணிய சூட்டுப்புள்ளிகளை வரிசையாக இடுவர். இவற்றுள் ஆழ்ந்தது தசையைப் போர்த்த நார்ப்படலம் வரை எட்டுகின்றது. அறுவை மருத்துவர் முகத்தைத் தூக்கிக் கட்டும்போது பற்றுவதும் அப்படலமே.

2010-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 35 பேரின் புருவங்களை 90 நாட் கழித்து அளந்தபோது சராசரி உயர்வு 1.7 மில்லிமீட்டராக இருந்தது. ஓர் அரிசிமணியின் பருமன் அவ்வளவே. இம்முறைகளால் வரும் நன்மையின் அளவிற்கு இதனை ஓர் உவமையாகக் கொள்ளலாம். அரிசிமணியும் ஒன்றுமில்லாததன்று; ஆயின் மரக்கால் நெல்லென எண்ணி அதற்கு விலை கொடுத்தல் கூடாது.

எலும்பை அடுத்த இடங்களில் இச்சிகிச்சை குத்துவது போல் வலிக்கும். சில நாட்கள் தொட்டால் நோதலும், சிறிது வீக்கமும் இருக்கும். தாடையோரம் செல்லும் நரம்பு சூடுபட்டு, உதட்டின் ஒருபுறம் சில வாரங்கள் வலியிழத்தல் அரிதாக நிகழ்வதுண்டு. பெரும்பாலும் தானே சீர்படும்.

லேசரும் ஊசியும்

லேசர் ஒளியினாலும் உட்டோலைச் சூடேற்றலாம். தோல் முழுவதையும் சுடாமல், சல்லடைக் கண்கள் போல் நுண்புள்ளிகளை மட்டும் சுட்டு, இடையிலுள்ள நல்ல தோலைக் கொண்டு விரைவில் ஆறச் செய்யும் முறை 2004-ம் ஆண்டில் விளக்கப்பட்டது. மேற்றோலையே ஆவியாக்கும் வன்மையான லேசர்களும் உண்டு. அவற்றாற் பயன் மிகுதி. ஆறுங் காலமும் ஆபத்தும் மிகுதி.

ஈண்டு நம் நாட்டார் கருத்தூன்ற வேண்டுவதொன்று உளது. லேசர் வகைகளுள் பலவும், கூசும் ஒளியைப் பாய்ச்சும் கருவிகளும் மெலனினால் ஈர்க்கப்படும் ஒளியைப் பயன்படுத்துவன. மெலனின் மிகுந்த தோலில் அவ்வொளி உட்டோலை அடையுமுன் மேற்றோலையே சுட்டுவிடும். சுடாதொழியினும், அழற்சிக்குப்பின் கருந்திட்டு விழுதல் நம் நிறத்தார்க்கு எளிதில் நிகழ்வது. அத்திட்டு மறையப் பல மாதங்கள் செல்லும். தாமஸ் பிட்ஸ்பாட்ரிக் என்னும் அமெரிக்க மருத்துவர் 1975-ம் ஆண்டில் தொடங்கி வைத்து, பின்னர் ஆறு வகையாக விரிந்த தோற்பாகுபாட்டில், தென்னிந்தியர் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வரையிலான வகையினர். ஐரோப்பியர்க்கு ஏற்ற அளவை நமக்கு அப்படியே வைத்தல் தகாது. ரேடியோ அலையும் மீயொலியும் தோலின் நிறத்தை நோக்காதனவாதலின், இவ்வகையில் நமக்கு அவை ஒருவாறு ஏற்றன. லேசரே வேண்டுமாயின், 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி கருநிறத் தோலுக்கு மற்றவற்றினும் தீங்கு குறைந்தது.

நுண்ணூசிகளைத் தோலிற் செலுத்தி அவற்றின் நுனியில் ரேடியோ அலையை விடும் முறை அண்மையிற் பெரிதும் பரவியுள்ளது. ஊசி கொழுப்புப் படலம் வரை ஆழ்ந்து சென்றால் கேடு விளையும். இவ்வகைக் கருவிகளாற் சிலர்க்குத் தீப்புண், தழும்பு, கொழுப்பிழப்பு, நரம்பூறு ஆகியன நேர்ந்தமை பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025-ம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது. இதனை வீட்டிற் செய்துகொள்ளும் பொருளாகக் கருதலாகாது என்பதும், பயிற்சி பெற்ற மருத்துவரே செய்தல் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

சிகிச்சை பெறுவார் எதிர்பார்க்கத் தக்கவை

சிகிச்சைக்கு முன்னர் மருத்துவர் முகத்தைப் பலபுறமும் படமெடுத்தல் வேண்டும். பின்னர் எடுக்கும் படமும் அதே ஒளியில், அதே தொலைவில், அதே முகக்குறிப்புடன் இருத்தல் வேண்டும். விளம்பரப் படங்களிற் பலவற்றில், முன்னதில் விளக்கு மேலிருந்து விழுந்து சுருக்கத்தைக் காட்டுவதையும், பின்னதில் எதிரிலிருந்து விழுந்து அதனை மறைப்பதையும், முகவாய் சற்று உயர்ந்திருப்பதையும் உற்று நோக்குவார் காணலாம்.

சிகிச்சை நாளன்று உணர்ச்சியை மரக்கச் செய்யும் களிம்பைத் தடவி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பொறுத்துத் தொடங்குவர். முகத்திற்கு அரை மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகலாம். செய்யும்போது எரிச்சல் தாங்கவொண்ணாததாயின் வாய் விட்டுச் சொல்லுதல் வேண்டும். பொறுமை காட்டற்குரிய இடம் இதுவன்று. வலியே தீப்புண்ணின் முன்னறிவிப்பு.

ரேடியோ அலையும் மீயொலியும் பெற்றார்க்குச் சிவப்புச் சில மணி நேரத்திலும், வீக்கம் சில நாட்களிலும் நீங்கும். பெரும்பாலார் மறுநாளே வேலைக்குச் செல்லலாம். லேசரும் ஊசியும் பெற்றார்க்குச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை சிவப்பும், சொரசொரப்பும், தோல் உரிதலும் இருக்கும். அக்காலத்தில் வெயில் படாது காத்தல் இன்றியமையாதது. முதல் மாதத்திற் பயன் ஒன்றும் தோன்றாதிருத்தல் இயல்பே. மூன்றாம் மாதத்திற் சிறிது புலப்பட்டு, ஆறாம் மாதத்தில் நிறைவெய்தும். பின்னர் ஓரிரண்டு ஆண்டுகளில் மூப்பு தன் வேலையைத் தொடர்ந்து செய்து அதனைக் கழித்துவிடும். பயனை நிலைநிறுத்த வேண்டின் மீண்டும் செய்தல் வேண்டும். ஆகவே, ஒருமுறைக் கட்டணத்தை மட்டும் கணக்கிடாது, பல ஆண்டுகளின் செலவைக் கணக்கிட்டே முடிவு செய்தல் அறிவுடைமை.

இச்சிகிச்சை யாவர்க்கு ஏற்றது? தளர்ச்சி சிறிதாகவும் நடுத்தரமாகவும் உள்ளோர்க்கே ஏற்றது. தாடை தொங்கி, கழுத்துத் தோல் மடிந்து வீழ்ந்தவர்க்கும், உடல் எடையை மிகவும் குறைத்தபின் வயிற்றுத் தோல் தொங்குபவர்க்கும் இவை பயன்படா. அவர்க்கு அறுவையே வழி. அதுவும் வேண்டாவெனின், உள்ளதை ஏற்றமைதல் வழி. மறுபுறம், இருபது வயதினர்க்கு இறுக்க வேண்டிய தளர்ச்சியே இல்லை. இல்லாத நோய்க்கு மருந்துண்டு பணமும் தோலும் இழப்பதில் யாது பயன்?

யாவர் விலக வேண்டுவர்? பேஸ்மேக்கர் முதலிய மின்கருவியை உடம்பிற் பொருத்தியுள்ளோர் ரேடியோ அலையை ஏற்றல் கூடாது. கருவுற்றோரும், அவ்விடத்திற் புண்ணோ தொற்றோ உடையோரும், தழும்பு தடித்து வளரும் இயல்பினரும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும், முகப்பருவிற்கு ஐசோட்ரெட்டினாயின் உட்கொள்வோரும் முன்னரே மருத்துவரிடம் கூறி அவர் கருத்தறிந்தே நடத்தல் வேண்டும்.

வினவ வேண்டுவன

அழகு நிலையத்திற் புகுமுன் வினவ வேண்டிய வினாக்கள் சிலவுண்டு. சிகிச்சை செய்பவர் தோல் மருத்துவத்தில் மேற்பட்டம் பெற்ற மருத்துவரா, அன்றி இரண்டு நாட் பயிற்சி பெற்ற பணியாளரா? கருவியின் பெயர் யாது, அது மூலப் பொருளா, போலியா? என் நிறத்தையுடையார்க்கு இதனைச் செய்த அனுபவம் உண்டா? புண் பட்டால் யார் பொறுப்பேற்றுப் பார்ப்பார்? எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு பணம்? இவ்வினாக்களுக்கு விடை கூறத் தயங்குமிடத்தையும், இன்றே பணம் கட்டினாற் பாதி விலை என்று நெருக்குமிடத்தையும் விட்டு நீங்குக. நல்ல மருத்துவர், இச்சிகிச்சை உமக்கு வேண்டாவென்று சொல்லவும் அஞ்சார்.

கருவிக்கு அமெரிக்க நாட்டு இசைவு உண்டென்பதையும் அளவுக்கு மீறிப் போற்றலாகாது. இவ்வகைக் கருவிகளுக்கு அளிக்கப்படும் இசைவு, பெரும்பாலும், முன்னரே விற்பனையிலுள்ள கருவியொன்றோடு இஃது ஒத்ததென்பதைப் பொறுத்தது. புதிய மருந்தொன்றிற்கு வேண்டப்படும் நீண்ட சோதனை இதற்கு வேண்டப்படுவதில்லை.

காத்தலே எளிது

இறுதியாக ஒன்று கூறுதும். இழந்த கொல்லாஜனைச் சிறிது மீட்கப் பல்லாயிரம் ரூபாய் செலவாகின்றது. உள்ளதைக் காக்கவோ மிகச் சிறிதே செலவாகும். ஆஸ்திரேலியாவிலுள்ள நாம்பூர் என்னும் ஊரில் 55 வயதிற்குட்பட்ட 903 பேரைப் பிரித்து, ஒரு பகுதியாரை நாடோறும் சன்ஸ்கிரீன் களிம்பு பூசுமாறும், மற்றையோரைத் தம் விருப்பம்போல் நடக்குமாறும் விட்டு, நாலரை ஆண்டு கழித்து ஆராய்ந்தனர். 2013-ம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, நாடோறும் பூசினார்க்குத் தோலின் மூப்பு மற்றையோரினும் நூற்றுக்கு 24 பங்கு குறைந்திருந்தது. அதே சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டார்க்கு யாதொரு பயனும் காணப்படவில்லை. மாத்திரையை நம்பி வெயிலில் அலைவார் இதனை எண்ணிப் பார்க்கக் கடவர்.

மெல்லிய சுருக்கங்களுக்கு ட்ரெட்டினாயின் களிம்பும் மருத்துவர் கூறியவாறு மாதக்கணக்கிற் பூசின் பயன் தரும். இதற்கு அமெரிக்க நிர்வாகம் 1995-ம் ஆண்டிலேயே இசைவளித்துள்ளது. முதலில் எரிச்சலும் தோலுரிதலும் தரும் அதனைக் கருவுற்றோர் பூசலாகாது. புகையை விடுதல், வெயில் ஏறுமுன் வெளிவேலைகளை முடித்தல், நம் பாட்டிமார் கையிற் பிடித்த குடையை நாணாது பிடித்தல் ஆகியன எக்கடையிலும் விலைக்குக் கொள்ள வேண்டாத மருந்துகள்.

முகத்தைப் பேணுதல் குற்றமன்று. தன் தோற்றத்தால் மனம் வருந்துவார் ஒருவர், தன் பொருளுக்கேற்ப, தகுந்த மருத்துவரிடம், பயனின் அளவும் தீங்கின் அளவும் அறிந்து இச்சிகிச்சையைப் பெறுவாராயின் அவரைப் பழித்தற்கு நமக்கு உரிமையில்லை. நாம் கடிவதெல்லாம் அறியாமையை முதலாகக் கொண்டு நடக்கும் வாணிகத்தையே. அரிசிமணியளவு நன்மையை அவ்வளவாகவே அறிந்து விலை கொடுப்பார் ஏமாறார். அதனைப் பெறாதொழிந்தாரும் இழந்தது பெரிதன்று. திரை விழுந்த முகத்தை நம்மிடையே அன்போடு நோக்குவார் இன்னும் பலர் உளர். நம் மாணவ நண்பர்கள் இவ்விஷயத்திற் பிறர் சொற்கேட்டு மயங்காது, தாமே வினவித் தெளிந்து, தம் இல்லத்து முதியோர்க்கும் எடுத்துரைப்பார்களாக.